கடனில்லாத கலியாணம்



வீட்டிலே கலியாண வயதில் பிள்ளை ஒன்று இருந்தால் தாய் தகப்பனுக்கு இராத் தூக்கமில்லை என்பார்கள். நல்ல இடம் அமைய வேண்டுமே என்ற கவலை ஒரு பங்கு; அமைந்த பின் செலவுக்கு எங்கே போவது என்ற கவலை மூன்று பங்கு. ஓலை வாசிக்கக் கொடுக்க வரும் பெற்றோரின் முகத்தைப் பாருங்கள். மகிழ்ச்சி இருக்க வேண்டிய இடத்திலே எத்தனை பேருக்குக் கலக்கம் குடியிருக்கிறது! மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தைச் சர்வேசுரன் நமக்குக் கொடுத்தது வரப்பிரசாதமாகவே அல்லவா? அது ஏன் இத்தனை குடும்பங்களுக்குப் பாரச் சிலுவையாய் மாறிப்போயிற்று? இந்த வாரம் இதைப் பற்றிச் சற்று நிதானமாய்ச் சிந்திப்போம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலியாணம் அழகாய் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமல்ல. கையிலே காசு இல்லாதவர்களுக்கும் அந்த ஆசை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அழகு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதைத் தேடப் புறப்பட்டால், கடைத்தெருவெல்லாம் அலைந்து, கடைசியில் கடன்காரன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டி வரும்.

அப்படியானால் கலியாணத்தின் அழகு எது? திருச்சபை ஒரு விவாகத்திற்கு எதைக் கேட்கிறது என்று பாருங்கள். தடையில்லாத ஒரு மணமகன், ஒரு மணமகள், அவர்கள் மனம் ஒத்துச் சொல்லும் வார்த்தை, திருச்சபையின் பெயரால் அதைக் கேட்டு ஏற்றுக்கொள்ளும் குருவானவர், இரண்டு சாட்சிகள். முக்கியமானது இவ்வளவே. இந்தத் தேவதிரவிய அனுமானத்தை ஒருவருக்கொருவர் நிறைவேற்றிக்கொள்கிறவர்கள் மணமக்கள்தாம் என்று நம் வேதம் போதிக்கிறது. அவர்கள் சொல்லும் அந்த வார்த்தையை ஜவுளிக் கடையிலோ நகைக் கடையிலோ விலை கொடுத்து வாங்க முடியுமா? ஏழைத் தொழிலாளியின் மகள் சொன்னாலும், பங்களாவில் பிறந்தவள் சொன்னாலும் அதன் மதிப்பு ஒன்றே. மேலைப்புதூர் மரியன்னைப் பேராலயத்திலும், பாலக்கரைச் சகாயமாதா கோயிலிலும், கூரை வேய்ந்த ஒரு கிராமத்துச் சிற்றாலயத்திலும் பீடத்தில் எழுந்தருளி வருகிற ஆண்டவர் ஒருவரே. அன்றியும், ஏழ்மையின் காரணமாக எவருக்கும் தேவதிரவிய அனுமானங்கள் கிடைக்காமற் போய்விடக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே குருக்களை எச்சரிக்கிறது. ஆதலால், பணமில்லை என்பதற்காகக் கோயிற் படியேறத் தயங்குகிற பிள்ளைகள் நம் பங்கில் ஒருவரும் இருத்தலாகாது.

இனி கானாவூருக்குப் போவோம். அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தில் அந்தக் கலியாண வீட்டைப் பற்றி வாசிக்கிறோம். நம்மில் அநேகர் அங்கே நடந்த புதுமையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அது நடந்ததற்குக் காரணத்தை மறந்துவிடுகிறோம். அந்த வீட்டிலே விருந்து குறைந்துபோயிற்று. திராட்ச இரசம் தீர்ந்துவிட்டது. எந்தக் கலியாண வீடும் நடுங்குகிற அவமானம் அது. தேவமாதா அதைக் கண்டார்கள். கண்டு என்ன செய்தார்கள்? பக்கத்தில் இருந்தவர்களிடம் முணுமுணுத்தார்களா? கணக்குப் போடத் தெரியாத வீடு என்று ஏளனம் செய்தார்களா? இல்லை. தம் குமாரனிடம் மெதுவாய்ச் சொன்னார்கள். பணிவிடைக்காரரை அவர் சொன்னபடி செய்யச் சொன்னார்கள். ஆறு கற்சாடித் தண்ணீர், இன்றைய அளவில் ஏறக்குறைய 500 முதல் 700 லிட்டர், உயர்ந்த இரசமாயிற்று. பந்தி விசாரிப்புக்காரருக்குக்கூட அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. குறைவு ஊர் வாயில் விழாமல் மூடப்பட்டது.

பிரியமானவர்களே, நாம் விருந்தாளிகளாய்ப் போகும்போது நம் நாக்கு என்ன செய்கிறது? இலையில் எத்தனை கறி, பிரியாணியில் எத்தனை துண்டு, பெண் கழுத்தில் எத்தனை சங்கிலி என்று எண்ணுகிறது. சென்ற மாதம் இன்னார் வீட்டில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் அடுத்த வீட்டுத் தகப்பன் வட்டிக்கு வாங்குகிறான். கலியாணச் செலவு ஏறிப்போயிற்றே என்று நாம் எல்லாரும் அங்கலாய்க்கிறோம். அதை ஏற்றிவிட்டவர்களில் நாமும் உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. ஏழைகளுக்கு முன்பாக விருந்தைக் காட்டி அவர்களை நாணப்படுத்தியதற்காக அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களைக் கடிந்துகொண்டாரே, அந்தக் கண்டனம் நமக்கும் உரியதே.

நிற்க. நம் ஆண்டவர் கோபுரம் கட்டுகிறவனைப் பற்றி ஓர் உவமை சொல்லியிருக்கிறார். கட்டத் தொடங்குமுன் அவன் உட்கார்ந்து, முடிக்கப் பணம் போதுமா என்று கணக்குப் பார்ப்பான். பாராவிட்டால் அஸ்திவாரத்தோடு நின்றுபோய், காண்கிறவர்கள் நகைப்பார்கள். திருச்சியில் வாழ்கிற நமக்கு இதைவிடத் தெளிவான உவமை வேறு வேண்டுமா? காவேரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்துத் தெற்கு வாசலில் இன்று வானளாவி நிற்கும் இராஜகோபுரத்தைப் பாருங்கள். பதின்மூன்று நிலை, 236 அடி. விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கிய அந்த வேலை நின்றுபோய், நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரம் என்றே பெயர் பெற்றிருந்ததை வயதானவர்கள் நன்கு அறிவார்கள். 1987-ஆம் ஆண்டிலேதான் அது முடிந்தது. அதுவும் ஓர் அரசனின் பொக்கிஷத்தால் அல்ல, பலரும் மனமுவந்து கொடுத்த காணிக்கையால். அரசர் தொடங்கிய வேலை சில நூற்றாண்டுகள் காத்திருக்கலாம். ஆனால் நேற்று மணமுடித்து இன்று குடித்தனம் தொடங்கும் இரண்டு இளம் பிள்ளைகள் எத்தனை காலம் காத்திருப்பார்கள்?

கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஒரு தகப்பன் கலியாணத்துக்காக மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000. ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 3,60,000 ரூபாய் ஆகிவிடும். முதல் அப்படியே நிற்கும்! அந்த ஐந்து வருஷத்தில் மகளுக்கு முதற் பிரசவம் வரும். தம்பிக்குக் கல்லூரிச் சம்பளம் வரும். தங்கைக்கு வயது ஏறும். அக்காளின் பந்தலுக்காக வாங்கிய கடன் தங்கையின் கலியாணத்தைத் தள்ளி வைக்கிறது. எத்தனையோ பெண்கள் முப்பது வயது தாண்டியும் செபமாலையும் கையுமாய்க் காத்திருப்பதற்கு இதுவே காரணம். மொய்யில் திரும்பி வந்துவிடும் என்று சிலர் தேற்றிக்கொள்வார்கள். மொய் நோட்டில் எழுதப்படுவதும் கடன்தானே? ஒவ்வொரு வரிக்கும் ஒரு நாள் பதில் எழுதியாக வேண்டுமே!

ஆகையால், கலியாணம் பேசி முடித்த அந்த வாரமே இரண்டு குடும்பத்தாரும் ஒன்றாய் உட்கார்ந்து, கடன் வாங்காமல் நம் கையில் இருப்பது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகைதான் கலியாணம். முதலில் ஆசைகளை எழுதிவிட்டுப் பிறகு பணம் தேடாதீர்கள். முதலில் பணத்தை எழுதிவிட்டுப் பிறகு ஆசைகளை அடுக்குங்கள். மணமகளும் மணமகனும் அந்தப் பேச்சில் கட்டாயம் இருக்கட்டும். தங்களுக்காகத் தகப்பன் எதை விற்கிறான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தால், பாதிச் செலவை அவர்களே வேண்டாம் என்பார்கள். அதன் பின் கீழ்க்கண்ட காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, நாள். தபசுகாலத்திலும் ஆகமன காலத்திலும் ஆடம்பரமான விவாகங்களைத் தவிர்ப்பது நம் வழக்கம். மற்ற நாளெல்லாம் சர்வேசுரனுடைய நாளே. நம் இந்து சகோதரர்கள் ஆடி மாதத்தில் கலியாணம் வைப்பதில்லை. அது அவர்கள் வழக்கம்; அதைப் பழிக்க வேண்டாம். ஆனால் ஞானஸ்நானம் பெற்ற நாம் ஏன் ஆடி என்றதும் அஞ்ச வேண்டும்? முகூர்த்த நாட்களில் மண்டபக்காரரிடமும் சமையற்காரரிடமும் பேரம் பேச வழியில்லை. ஆடியிலோ மண்டபம் காலியாக இருக்கும். சமையற்காரர் கை ஓய்ந்திருப்பார். ஜவுளிக் கடைகளில் ஆடித் தள்ளுபடி நடக்கும். அதே போல, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குப் பதிலாக வாரநாட் காலையில் பூசை வைத்தால் செலவு தானாகக் குறையும்.

இரண்டாவது, விருந்து. அழைக்கிறவர்களின் தொகைதான் செலவின் வேர். ஓர் இலைக்கு 250 ரூபாய் என்று வைத்தாலும், 800 பேருக்கு இரண்டு லட்சம். 200 பேருக்கு 50,000. மற்ற எதைக் குறைத்தாலும் இவ்வளவு மிஞ்சாது. 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய்க் காலத்தில் கலியாணத்திற்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவிட்டது நினைவிருக்கிறதல்லவா? அப்போது மணமுடித்தவர்கள் இன்று குழந்தை குட்டிகளோடு குடித்தனம் நடத்தவில்லையா? நோய்க்குப் பயந்து செய்ததை விவேகத்தால் செய்யக் கூடாதா? காலைப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் இட்லி, பொங்கல், வடை, கேசரி என்று சூடாய்ப் பரிமாறினால் அது குறைந்த விருந்தா? பிரியாணி இல்லாமல் கலியாணமா என்று கேட்பீர்களானால், பிரியாணியே போடுங்கள். ஆனால் அது ஒன்றையே நன்றாய்ப் போடுங்கள். இருபது வகை வைத்து, பாதியைக் குப்பையில் கொட்டுவது சர்வேசுரன் தந்த உணவை அவமதிப்பதாகும். நம் ஜில்லா வாழைக்குப் பேர்போனது. தொட்டியத்திலும் முசிறியிலும் இலைக்குப் பஞ்சமில்லை. காய்கறியைக் காந்தி மார்க்கெட்டில் விடியுமுன் போய் வாங்குகிறவனுக்கு விலை தெரியும்.

மூன்றாவது, அலங்காரம். மல்லிகையும் சம்பங்கியும் விளைகிற ஊரில் இருந்துகொண்டு, வெளியூரிலிருந்து பெட்டியில் வரும் பூவுக்கும் பிளாஸ்டிக் வளைவுக்கும் ஆயிரமாயிரமாய்க் கொடுப்பானேன்? ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு அதிகாலையில் நாலு பெண்கள் போய் உதிரிப் பூ வாங்கி வரட்டும். முகூர்த்த நாட்களிலும், ஆடி வெள்ளி, ஆடிப்பெருக்கு போன்ற நாட்களிலும் பூ விலை ஏறும், அவற்றை விட்டுவிடுங்கள். முதல் நாள் மாலையில் வீட்டாரும் அன்பியத்தாரும் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து, பாட்டும் செபமுமாய்ப் பூத்தொடுத்தால், அதைவிட அழகான கலியாண வீடு ஏது? வாசலுக்கு இரண்டு வாழை மரம், மாவிலை, குருத்தோலைத் தோரணம் போதும். பீடத்தை மூடிவிடும்படி அலங்கரிக்கவே கூடாது. ஃப்ளெக்ஸ் பேனரும், ஆகாயத்தில் பறக்கும் காமெராவும் இல்லாவிட்டால் விவாகம் செல்லாமற் போகாது. பாடற்குழுவில் நம் பிள்ளைகளே பாடட்டும். வாசகத்தைச் சிநேகிதர் ஒருவர் வாசிக்கட்டும்.

நான்காவது, துணியும் நகையும். கூறைப் புடவை ஒன்று பட்டாக இருக்கட்டும். மற்றவை உறையூர்க் கைத்தறி நூல் சேலைகளாய் இருந்தால் உடுத்தவும் சுகம், நம்மூர் நெசவாளிக்கும் பிழைப்பு. தங்கத்தின் காரியம் உங்களுக்கே தெரியும். 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிற்று. பத்துப் பவுன் என்றால் ஒன்பது லட்சம்! குருவானவர் மந்திரித்துக் கொடுப்பது சிலுவையோ புறாவோ பொறித்த சிறு தாலி. அது மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தாலும் மந்திரிப்பு குறையாது.

இவ்விடத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சிக்கனத்தைப் பெண் வீட்டுக்கு உபதேசித்துவிட்டு, இத்தனை பவுன், இன்ன வண்டி என்று மறைவில் கேட்பது கள்ளத்தனம். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை. அபராதமோ 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாது. சட்டத்திற்குத் தப்பினாலும் சர்வேசுரனுக்குத் தப்ப முடியுமா? ஒரு தகப்பனுடைய கண்ணீரை வாங்கி வந்து உங்கள் வீட்டு விளக்கில் எண்ணெயாக ஊற்றாதீர்கள்.

இவையெல்லாம் உலகத்தில் நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரான்சு தேசத்தில் அலான்சோன் என்னும் ஊரில் 1858-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, நள்ளிரவில், நெருங்கிய உறவினரும் சிநேகிதரும் மட்டும் கூடியிருக்க, தேவமாதா கோயிலில் ஒரு விவாகம் நடந்தது. மணமகன் லூயி மார்ட்டின், கடிகாரம் செய்கிறவர். மணமகள் செலி கெரின், லேஸ் பின்னுகிறவர். இருவரும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். ஒன்பது பிள்ளைகள் பிறந்து, நாலு பேரைச் சிறு வயதிலேயே கல்லறைக்குக் கொடுத்தார்கள். எஞ்சிய ஐந்து பெண்களும் கன்னியரானார்கள். அவர்களில் கடைசிப் பெண் நாம் எல்லாரும் நேசிக்கிற அர்ச். குழந்தை தெரேசம்மாள். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அந்தத் தம்பதிகளை ஒருசேர அர்ச்சியசிஷ்டர் பட்டத்திற்கு உயர்த்தினார். அவர்கள் கலியாணத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று இன்று யாராவது கேட்கிறார்களா?

அதே பாப்பரசர், 2016-ஆம் ஆண்டு குடும்பங்களுக்காக எழுதிய மடலில், மணமுடிக்கப் போகிறவர்களைத் தந்தையைப் போலக் கேட்டுக்கொண்டார். அழைப்பிதழும் உடையும் விருந்தும் பணத்தை மட்டுமல்ல, மனத்தின் மகிழ்ச்சியையும் உறிஞ்சிவிடுகின்றன. பீடத்தருகே வரும்போது மணமக்கள் களைத்துப் போயிருக்கிறார்கள். ஆதலால் ஊரோடு ஒத்துப் போகாமல் எளிமையாய்ச் செய்யத் துணியுங்கள் என்பது அவருடைய புத்திமதியின் சாரம்.

இன்னும் உயர்ந்த முன்மாதிரி வேண்டுமானால் திருக்குடும்பத்தையே பாருங்கள். அர்ச். சூசையப்பர் தச்சர். பாலனைத் தேவாலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப் போனபோது, ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்கள் கொடுக்கும் காணிக்கையையே கொடுத்தார்கள் என்று அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தால் அறிகிறோம். பரலோக இராக்கினிக்கு இல்லாத கௌரவம் நமக்கு வேண்டுமா?

கடைசியாக ஒன்று. விருந்து வைக்கும்போது திருப்பி அழைக்கக் கூடியவர்களை அல்ல, ஏழைகளையும் ஊனர்களையும் அழைக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார். ஆகவே நீங்கள் எழுதுகிற கணக்கில், சிறியதானாலும், ஒரு வரி ஏழைக்கென்று இருக்கட்டும். பத்து இலை அநாதை இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகட்டும். வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டுக் கலியாணத்தை வேண்டுமென்றே எளிமையாக்கி, மிஞ்சியதைக் கொண்டு, பங்கில் பணமில்லாமல் நின்றுபோன ஒரு கலியாணத்தை யாருக்கும் தெரியாமல் நடத்தி வைப்பார்களானால், அவர்கள் கானாவூரில் தேவமாதா செய்ததைச் செய்தவர்களாவார்கள். வசதியுள்ளவர்கள் முதலில் குறைத்தால்தான் இல்லாதவர்கள் வெட்கமில்லாமல் குறைக்க முடியும். இது அவர்கள் மேல் விழுந்த கடமை.

கலியாண வயதில் இருக்கும் பிள்ளைகளே, ஒரு நாள் பந்தலுக்காகப் பத்து வருஷ நிம்மதியை விற்றுவிடாதீர்கள். மண்டபத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது பாவசங்கீர்த்தனத்துக்கும், செபத்துக்கும், ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கும் செலவிடுங்கள். பெற்றோரே, கடனில்லாத வீட்டுக்கு உங்கள் மகளை அனுப்புங்கள். அதுவே நீங்கள் அவளுக்குக் கொடுக்கும் பெரிய சீர். விருந்தாளிகளே, போகிற வீட்டில் வாயாரப் புகழுங்கள், குறை கண்டால் மூடுங்கள், கூடுமானால் நிரப்புங்கள்.

கானாவூர்க் கலியாணத்திற்கு அழைக்கப்பட்ட நம் ஆண்டவரும் அவருடைய திருத்தாயாரும் நம் வீட்டுக் கலியாணங்களுக்கும் முதல் விருந்தாளிகளாக எழுந்தருளி வந்து, புதுக் குடித்தனங்களைக் கடனிலும் கலகத்திலும் நின்று காப்பாற்றி, சமாதானத்தால் நிரப்பும்படி மன்றாடுவோமாக.

ஆமென்.